முதலில் கறுப்புப் பெட்டி

(ஊரப்பாக்கத்தில் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஊரில் கரண்ட் போனால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. நடந்துகொண்டே இன்வெர்ட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறோம். கரண்ட் போவதைப் பற்றிப் புகார் சொல்ல நான் இங்கே வரவில்லை. அது திரும்பி வரும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் நான் அதிகம் அடிபட்டது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

அடுத்த முறை கரண்ட் வரும்போது காது கொடுத்துக் கேளுங்கள். எதிர்வீட்டு மாடியில் மோட்டார் உறுமும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், ஆனால் ஃபிரிட்ஜ் ஓடாது. மோடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டும்; சிவப்பு பச்சையாக இரண்டு நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் டிவி எழுந்துவிடும். எழுந்து, இணையத்தைத் தேடி, காணோம் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மோடம் தயாரான பிறகும் அது சமாதானமாகாது. யாராவது ரிமோட்டை எடுத்து மறுபடி முயன்றால்தான் உண்டு.

இதில் எந்தப் பொருளும் கெட்டுப்போகவில்லை. தனித்தனியாக எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுந்த வரிசை பிசகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு சர்வருக்குள் இதே கூத்து நூறு மடங்கு பெரிதாக நடக்கிறது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சர்வீஸ்கள் இருக்கும். நெட்வொர்க், நேரம், டிஸ்க், டேட்டாபேஸ், அதை நம்பி ஓடும் பில்லிங், அதை நம்பி ஓடும் பிரிண்டர் என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்பினால் என்ன ஆகும்?

அதற்கு முன் ஒரு கிணற்றைப் பாருங்கள். இந்தப் பக்கம் பழைய வீடுகளில் கிணறும் அதன் விளிம்பில் ஒரு மோட்டாரும் இருக்கும். குழாயின் அடியில் ஃபுட் வால்வு. அது லேசாகக் கசிந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயிலிருந்த தண்ணீர் இறங்கிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. காற்றைப் பிடித்து இழுக்க அந்த மோட்டாருக்குத் தெரியாது. அப்படியே ஓடவிட்டால் சீல் போய்விடும். அதனால் மோட்டார் பக்கத்தில் எப்போதும் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும். மேல் மூடியைத் திருகி, அந்தத் தண்ணீரை ஊற்றி, குழாய் நிறைந்த பிறகுதான் சுவிட்ச். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும்! யாராவது அந்தப் பக்கெட்டை எடுத்து வாசல் தெளித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை.

கணினி எழுவதற்கு ‘பூட்’ என்று பெயர் வந்ததுகூட, தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலப் பேச்சிலிருந்துதான். தன்னைத் தானே தூக்க முடியாது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் பக்கெட் வைத்திருக்கிறோம். இன்றைக்கு நான் எங்கே சுற்றினாலும் அந்தப் பக்கெட்டிடம் திரும்பி வருவேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எனக்கு போன். வரவேற்பில் இருக்கும் அம்மாதான் பேசினார். “சார், ரசீது நம்பர் ஒண்ணுன்னு வருது சார்.” எனக்கு முதலில் புரியவில்லை. “ஒண்ணுன்னா?” “ஒண்ணுன்னா ஒண்ணுதான் சார். நேத்து இருந்த பேஷண்ட் ஒருத்தரும் இல்ல. புதுக் கடை தொறந்த மாதிரி இருக்கு.”

வயிற்றைக் கலக்கிவிட்டது. அத்தனை வருடத்துப் பரிசோதனை முடிவுகளும் போச்சு என்றுதான் நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், சர்வருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க். அதற்குத் தனி அடாப்டர். டேட்டாபேஸின் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. இரவில் கரண்ட் போயிருக்கிறது, யு.பி.எஸ். தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்திருக்கிறது, விடிகாலையில் கரண்ட் வந்திருக்கிறது. கரண்ட் வந்தால் தானே எழுந்துகொள் என்று சர்வரை நான்தான் அமைத்து வைத்திருந்தேன். அது சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்துவிட்டது. கறுப்புப் பெட்டியின் தட்டு சுழன்று வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிக்குள், டிஸ்க் வந்து பொருந்தவேண்டிய ஃபோல்டரை டேட்டாபேஸ் எட்டிப் பார்த்திருக்கிறது. காலி. டாக்கர் என்கிற மென்பொருள் பெட்டிக்குள் ஓடும் டேட்டாபேஸ் அது. காலி ஃபோல்டரைக் கண்டால் ‘புது வீடு போலிருக்கிறது’ என்று பால் காய்ச்சிக் குடியேறிவிடும். அதன் சுபாவம் அப்படி. பிறகு டிஸ்க் வந்து அதே இடத்தில் பொருந்தியபோதும் உள்ளே இருப்பவருக்குத் தெரியவில்லை. அவர் பிடித்திருந்தது அடியில் கிடந்த காலி ஃபோல்டரை.

சர்வரை நிறுத்தி மறுபடி போட்டேன். டிஸ்க் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்ததால் இம்முறை உடனே பொருந்தியது. எல்லாப் பேஷண்டுகளும் திரும்பி வந்துவிட்டார்கள். அன்றைக்கு ரசீது எண் 1 வாங்கிய பெரியவரிடம் மட்டும் இன்னொரு ரசீது கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்கினோம். அவர் தரமாட்டேன் என்றார். முதல் நம்பர் ராசியாம்.

நான் வேறு வேலையில் இருந்ததால், இதை நிரந்தரமாகச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். நான் போனபோது மானிட்டர் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘முதலில் கறுப்புப் பெட்டி. பிறகு டீ. பிறகு பெரிய பெட்டி.’ மூன்றே வரி. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு சுருக்கமான செயல்முறைக் கையேட்டை நான் பார்த்ததில்லை. டிஸ்கின் கோளாறு அவருக்குத் தெரியாது. ஆனால் எது எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். அதில் ஒரே குறை, விடிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் டீ குடிக்க அங்கே ஆள் கிடையாது.

இந்த வரிசைச் சிக்கல் யூனிக்ஸ் அளவுக்குப் பழையது. பல காலம் அதற்கு எண்தான் மருந்து. சர்வீஸ் ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ரெட் ஹேட் லினக்ஸில் நெட்வொர்க்குக்கு 10, மைசீக்வல் டேட்டாபேஸுக்கு 64, வெப் சர்வருக்கு 85. அந்த வரிசையில் ஒவ்வொன்றாக எழும். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தன் சர்வீஸுக்கு 99 போட்டுக்கொள்வார்கள், கடைசியில் போனால் எல்லோரும் வந்திருப்பார்கள் அல்லவா என்று. கல்யாணத்துக்குத் தாமதமாகப் போகிறவர்களின் தர்க்கம். 99இல் நாலு பேர் சேர்ந்துவிட்டால் அவர்களுக்குள் யார் முதல்? பெயரின் அகரவரிசை! அதனால் சர்வீஸின் பெயரையே மாற்றி வைத்தவர்கள் உண்டு. பெயர் ராசி பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

எண்ணில் ஒரு பெரிய குறை இருக்கிறது. 85 என்றால் 64க்குப் பிறகு என்று தெரியும். ஏன் பிறகு என்று தெரியாது. காரணம் எழுதப்படவில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் அந்த எண்ணைத் தொட யாருக்கும் தைரியம் வராது.

டெபியன் லினக்ஸ் 2011இல் இதை மாற்றியது. எண்ணை விட்டுவிட்டு, ‘எனக்கு முன் இன்னின்னது எழவேண்டும்’ என்று சர்வீஸே தன் தலைப்பில் எழுதிவைத்தால் வரிசையை இயந்திரம் கணக்கிட்டுக்கொள்ளும். டெபியன் எங்கேயோ இருக்கிற சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து மின்சார ரயிலில் ஏறினால் குரோம்பேட்டை அரை மணி நேரம். அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிற ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005இல் திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக் சென்னை உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் டெபியனின் வழிவந்ததுதான். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்த மடிக்கணினியில் விண்டோஸோடு அதுவும் இருந்திருக்கும். திறக்காமலேயே விட்டிருப்பார்கள், அது வேறு கதை.

2010இல், சர்வீஸ்களை எழுப்பும் வேலைக்கென்றே சிஸ்டம்டி என்ற மென்பொருள் வந்தது. லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் எழுதியது. ஃபெடோராவில் 2011இல் ஏறி, பெரிய சண்டைக்குப் பிறகு 2015இல் டெபியனிலும் உபுண்டுவிலும் ஏறிவிட்டது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். திட்டிக்கொண்டே தினமும் பயன்படுத்துகிற பக்கம்.

சிஸ்டம்டியில் எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. ‘ஆஃப்டர்’ என்று ஒரு சொல், ‘ரிக்வயர்ஸ்’ என்று ஒரு சொல். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் எழுதிவிடுவார்கள். வாழை இலையை நினைத்துக்கொள்ளுங்கள். ரசம் சாம்பாருக்கு ‘ஆஃப்டர்’. சாம்பாரும் ரசமும் இருந்தால் சாம்பார்தான் முதலில் வரும். இன்றைக்குச் சாம்பார் வைக்கவில்லை என்றால் ரசம் கோபித்துக்கொண்டு நிற்குமா? அது பாட்டுக்கு வரும். ‘ஆஃப்டர்’ வரிசையை மட்டும் சொல்கிறது, தேவையைச் சொல்வதில்லை. இப்போது பாயசமும் அப்பளமும். அப்பளம் இல்லாமல் பாயசம் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு பிடிவாதம். இது ‘ரிக்வயர்ஸ்’. ஆனால் எது முதலில் இலையில் விழவேண்டும் என்று அதில் சொல்லவில்லை. பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் விழும். பாயசம் அப்பளத்தின் மேலேயே விழலாம். டேட்டாபேஸ் வேண்டும், அதுவும் முன்னாலேயே வேண்டும் என்றால் இரண்டு வரியையும் எழுதவேண்டும்.

பரிசோதனைக் கூடத்தில் நான் செய்த முதல் திருத்தம் இதுதான். டாக்கர் சர்வீஸுக்கு ஒரு துணைக் கோப்பு எழுதி, இந்த டிஸ்க் தன் இடத்தில் பொருந்தாதவரை நீ எழாதே என்று போட்டேன். மூலக் கோப்பில் கைவைக்கவில்லை. அடுத்த அப்டேட் வரும்போது மூலக் கோப்பில் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். பக்கத்தில் தனியாக வைக்கும் துணைக் கோப்பு தங்கும். கூடவே இன்னொன்று செய்தேன். டிஸ்க் பொருந்தாத சமயத்தில் தெரியும் அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது என்று பூட்டிவிட்டேன். இனி டேட்டாபேஸ் முந்திக்கொண்டாலும் பால் காய்ச்ச முடியாது. பிழை என்று சொல்லி நின்றுவிடும். நின்றுபோகிற மென்பொருள் எனக்குப் பிடிக்கும். தப்பாக ஓடுகிற மென்பொருளைக் கண்டால்தான் பயம்.

அப்போது இன்னொரு பழைய வைத்தியம் அங்கே ஒளிந்திருந்ததைப் பார்த்தேன். பில்லிங் தொடங்கும் கோப்பில் யாரோ ‘ஸ்லீப் 30’ என்று எழுதியிருந்தார்கள். முப்பது நொடி தூங்கிவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். டேட்டாபேஸ் அதற்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கை. யாரோ என்ன யாரோ, என் எழுத்துதான்.

தூங்கவைப்பது கேவலம் என்று இளம் பொறியாளர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உங்கள் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஒவ்வொரு முறையும் அதைத்தானே செய்கிறது? கம்ப்ரஸர் நின்றவுடன் உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு. அது சமமாக இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அதற்குள் ஓடவைத்தால் மோட்டார் திணறிச் சூடாகும். அந்த மூன்று நிமிடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அளந்து வைத்தது. என் முப்பது நொடி வெறும் குத்துமதிப்பு. நல்ல நாளில் டேட்டாபேஸ் ஐந்து நொடியில் எழுந்துவிடும், இருபத்தைந்து நொடி வீண். கரண்ட் பட்டென்று போன நாளிலோ டேட்டாபேஸ் பாதி எழுதிய கணக்கோடு விழுந்திருக்கும். எழுந்ததும் முதல் வேலையாகத் தன் நாட்குறிப்பைப் புரட்டி, முடிந்தது எது முடியாதது எது என்று சரிபார்த்த பிறகுதான் கதவைத் திறக்கும். அதற்கு இரண்டு நிமிடமும் ஆகலாம், இருபது நிமிடமும் ஆகலாம். அதாவது காத்திருப்பு ரொம்பத் தேவைப்படும் நாளில்தான் முப்பது நொடி போதாமல் போகிறது.

இதே காரணத்தால் சிஸ்டம்டியும் ஒரு வினை செய்யும். தயார் என்று ஒரு சர்வீஸ் தகவல் சொல்ல 90 நொடிவரை பொறுக்கும். அதற்குள் தகவல் வராவிட்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, நிஜமாகவே கொன்றுவிடும். நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் நடுவில் கொல்லப்பட்டு, மறுபடி எழுந்து, மறுபடி முதலிலிருந்து புரட்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேடு இதை வெளிப்படையாகவே எச்சரித்து, அந்த வரம்பை எடுத்துவிடச் சொல்கிறது.

போனில் ‘கிளம்பிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்கிறோம்? குளிக்கப் போகிறார் என்று. கம்ப்யூட்டருக்கு அந்த ஞானம் கிடையாது. டேட்டாபேஸைக் கிளப்பிவிட்ட மறுநொடியே ‘வந்தாயிற்று’ என்று குறித்துக்கொண்டு அடுத்தவரை அனுப்பிவிடும் சர்வீஸ் வகைகள் உண்டு. வரிசை சரியாகத்தான் இருக்கும். வந்து சேராதவரை நம்பி அடுத்தவர் கிளம்பியிருப்பார். இதற்குத்தான், நிஜமாகத் தயாரான பிறகு சர்வீஸே ‘தயார்’ என்று ஒரு செய்தி அனுப்பும் வகையைக் கொண்டுவந்தார்கள். நெட்வொர்க்கிலும் இதே வம்பு. ‘நெட்வொர்க்’ என்ற பெயரில் உள்ள இலக்கை நம்பினால் வலைப்பின்னல் மென்பொருள் எழுந்ததற்குத்தான் உத்தரவாதம், இணைப்பு கிடைத்ததற்கு இல்லை. ‘நெட்வொர்க் ஆன்லைன்’ என்று வேறொன்று இருக்கிறது, அதைத்தான் கேட்கவேண்டும். பாதிப் பேர் முதலாவதை எழுதிவிட்டு மோடத்தைத் திட்டுகிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி வேறு. 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்கு மறந்திருக்காது. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. யாராவது லாரிக்காக வெயிலில் நின்றார்களா? குடம்தான் நின்றது. பச்சைக் குடம் இன்னார் வீடு, நீலக் குடம் இன்னார் வீடு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்கள். லாரி வந்ததும் குடம் இருந்த வரிசையில் தண்ணீர் விழுந்தது. சிஸ்டம்டியில் இதற்கு ஒரு வசதி உண்டு. டேட்டாபேஸோ பிரிண்டரோ எழுவதற்கு முன்பே அதன் வாசலை மட்டும் இயங்குதளம் திறந்து வைத்துவிடும். வருகிற கோரிக்கைகள் வாசலில் குடமாக வரிசை கட்டும். உள்ளே ஆள் எழுந்து வந்ததும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வார். யாரையும் யாருக்கும் முன்னால் எழுப்பவேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். கோரிக்கை வந்தபிறகு சர்வீஸை எழுப்புவது 1980களின் பி.எஸ்.டி. யூனிக்ஸிலேயே இருந்த யோசனை. ஆப்பிள் 2005இல் தன் மேக் கணினிகளில் அதை விரிவாக்கியது. சிஸ்டம்டி அங்கிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதை ஒளிக்கவும் இல்லை.

குடம் வைக்க வசதி இல்லாத பழைய மென்பொருளுக்கு, விழுந்தால் திரும்ப எழுப்பு என்று எழுதலாம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. சும்மா ‘திரும்ப எழுப்பு’ என்று மட்டும் எழுதினால், நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் எழுப்பும். பத்து நொடிக்குள் ஐந்து முறை விழுந்துவிட்டால் கைகழுவிவிடும். அழைப்புமணியை ஒரே நொடியில் ஐந்து முறை அடித்துவிட்டு, ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று போய்விடும் கூரியர் பையனைப் போல. பத்து நொடிக்கு ஒரு முறை எழுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கணக்கிலேயே சிக்காமல், டேட்டாபேஸ் கதவைத் திறக்கும்வரை பொறுமையாகத் தட்டிக்கொண்டிருக்கும். பில்லிங்கில் என் முப்பது நொடித் தூக்கத்தை எடுத்துவிட்டு இதைத்தான் போட்டேன். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதிகள் வேறு பெயரில் உண்டு: சர்வீஸின் ரிக்கவரி பக்கத்தில் திரும்ப எழுப்பச் சொல்லலாம், மற்றவை எழுந்து இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்கு என்றும் வைக்கலாம்.

ஆனால் எல்லோரும் சேர்ந்து கதவைத் தட்டினாலும் வம்புதான். டெல்டா பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வயல் மோட்டார்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். ஒரு மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போட்டதும் மறுபடி எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்.

இது பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 2012இல் ஜூலை 30ஆம் தேதி வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. அறுபது கோடிப் பேருக்கு மேல் இருட்டில். நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடம் நம் ஊரே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்ததால் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்வார்கள். நிஜக் காரணம், தென்னகத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணையவில்லை; இணைந்தது 2013 டிசம்பர் 31இல். விழுந்த தொகுப்பை எப்படி எழுப்புவார்கள்? அனல்மின் நிலையம் எழுவதற்கே மின்சாரம் வேண்டும். நிலக்கரி அரைக்க, காற்று ஊத, கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்ற. மின்சாரம் எடுக்க மின்சாரம்! பக்கெட் எங்கே? அணைக்கட்டில். நீர்மின் நிலையத்தில் மதகைத் திறந்தால் சுழலி சுற்றும், ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டர் போதும். அங்கிருந்து ஒரு கம்பி வழியாக அனல்மின் நிலையத்துக்கு. அது எழுந்ததும் கொஞ்சம் ஊருக்கு. பிறகு அடுத்த நிலையம். அவசரப்பட்டு ஊரையெல்லாம் ஒன்றாக இணைத்தால் வயல் மோட்டார் கதைதான், திரும்ப விழும்.

ஃபேஸ்புக் நிறுவனமும் இதை அனுபவித்திருக்கிறது. 2021 அக்டோபர் 4. பராமரிப்புக்காக இட்ட ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. தரவு மையங்களை எட்ட முடியாமல்போன பெயர் சர்வர்கள், தாங்களே பழுது என்று நினைத்து இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. பொறியாளர்கள் கோளாறைச் சரிசெய்யப் பயன்படுத்தும் கருவிகளும் அதே பெயர் சர்வர்களை நம்பித்தான் இருந்தன. பக்கெட் கிணற்றுக்குள்ளேயே இருந்தது, அவ்வளவுதான். ஆட்களை நேரில் அனுப்பித் திறக்கவேண்டியதாயிற்று. வாட்ஸப், இன்ஸ்டாகிராம் உட்பட ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் இல்லை. சரியான பிறகும் எல்லாவற்றையும் உடனே போட்டுவிடவில்லை. மையங்களின் மின்நுகர்வு பல பத்து மெகாவாட் இறங்கியிருந்தது, அதை ஒரே மூச்சில் ஏற்றினால் மின்னமைப்பே ஆபத்துக்குள்ளாகும் என்று படிப்படியாக ஏற்றியதாக அவர்களே எழுதினார்கள்.

பெரிய இடத்துக் கதை போதும். நம் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறேன். எல்லாத் திருத்தமும் முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு மெயினை இறக்கினேன். “நல்லா ஓடுறத எதுக்கு சார் நிறுத்துறீங்க?” என்றார். நியாயமான கேள்வி. சர்வரை முறையாக ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதில் பயன் இல்லை. டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கும், மோடம் எரிந்துகொண்டே இருக்கும். நிஜமான இருட்டை உண்டாக்கிப் பார்த்தால்தான் வரிசை பிசகுவது தெரியும். நாற்பது நிமிடம் சாப்பிடப் போய்விட்டு வந்து மெயினைப் போட்டேன். டிஸ்க் பொருந்தியது, டேட்டாபேஸ் எழுந்தது, பில்லிங் தட்டித் தட்டி உள்ளே போனது. ரசீது எண் சரி.

முடிவு அறிக்கைகள் மட்டும் கிளவுடுக்குப் போகவில்லை.

அவற்றை அனுப்பும் வேலையைச் செய்தது ராஸ்ப்பெர்ரி பை என்கிற சீட்டுக்கட்டு அளவுக் கணினி. பழைய மாடல். அதில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அதற்குக் காலம் நின்றுவிடும். மணிக்கு ஒரு முறை நேரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும், எழுந்ததும் அந்தப் பழைய நேரத்தையே நம்பும். இணையம் வந்தபிறகுதான் சரியான மணியை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளும். அறிக்கைகள் போய்ச் சேரவேண்டியது அமேசானின் எஸ்3 கிடங்கில். கோரிக்கையில் எழுதிய நேரம் 15 நிமிடத்துக்கு மேல் பிசகினால் அது வாங்காது. பழைய கோரிக்கையை யாராவது திருடித் திரும்ப அனுப்பிவிடக்கூடாது என்ற பாதுகாப்பு. முன்பெல்லாம் இந்தக் கோளாறு வரவில்லை. ஏன் என்றால், இணையம் வந்ததும் உடனே அனுப்பு என்று அன்றைக்குக் காலையில்தான் நான் திருத்தியிருந்தேன். இணையம் வந்தது, நேரம் இன்னும் வரவில்லை. அந்தச் சில நொடி இடுக்கில் என் திருத்தம் போய் மாட்டிக்கொண்டது.

நேரம் சரியாகும்வரை காத்திரு என்று எழுத வழி இருக்கிறது, எழுதினேன். ஆனால் இணையம் நாள் முழுக்க வராவிட்டால் அதுவும் நாள் முழுக்கக் காத்திருக்கும், அந்தக் குட்டிக் கணினி எழுதும் மற்றக் குறிப்புகளிலும் தப்பான நேரமே பதிவாகும். கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சின்னக் கடிகாரத் தகடு வாங்கிவந்து செருகினேன். அதில் பத்து ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி. யாரிடமும் கேட்காமல் தானே மணி சொல்லும்.

“இது எதுக்கு சார்?” என்று அந்த அம்மா கேட்டார். மோட்டார் பக்கத்தில் வைக்கிற பக்கெட் என்றேன். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று மட்டும் கேட்டார். மூன்று வருடத்தில் மாற்றிவிடலாம் என்றேன். மானிட்டர் ஓரத்துத் தாளை எடுத்தார். கறுப்புப் பெட்டி வரியையும் பெரிய பெட்டி வரியையும் பேனாவால் அடித்தார். அடியில் பேட்டரி மாற்றவேண்டிய மாதத்தையும் வருடத்தையும் எழுதினார். தாளைத் திரும்ப ஒட்டினார். டீ வரியை மட்டும் அடிக்கவில்லை.